குளத்தில் மிதந்த சட்டிகள்

காட்டுத் தாராவை, அதாவது காட்டு வாத்தை, வெறுங்கையால் பிடிக்கலாம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நான் பிடித்திருக்கிறேன். பாலசமுத்திரத்துக்குக் கீழே, மலைத் தண்ணீர் இறங்கித் தேங்குகிற பெரிய குளத்தில், கழுத்தளவு ஆழத்தில் நின்று பிடித்திருக்கிறேன். ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு அந்த வேலை என்று அப்போது கேட்டார்கள். என் மகன் வீட்டுச் சம்பந்திகள் இப்போதும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

என் வீட்டுக்காரருக்குப் பறவை வியாபாரம். ஐப்பசி மழை நின்று குளம் நிரம்பியதும் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாகத் தாராக்கள் வந்து இறங்கும். ஊசி வால் உள்ளது, கிளுவை, சீட்டியடித்துக்கொண்டே பறக்கிற சிறகி என்று பல வகை. பங்குனி வெயில் ஏறும்வரை அவை இருக்கும். அவற்றை உயிரோடு பிடித்துக் கூடையில் போட்டு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. துப்பாக்கியால் சுட்டது, கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் செத்துப் போய்விடும். பிஸ்மி சொல்லி அறுக்காததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அதனால் உயிர்த் தாராவுக்குப் பழநியில் எங்கள் தெருக்களில் எப்போதும் கிராக்கி. மலை மேலே கோடைக்கானல் பங்களாக்களிலும் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் பழநியிலிருந்து மேலே போக மோட்டார் ரோடு இல்லை. சுமைகாரர்கள் எங்கள் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, பேத்துப்பாறை வழியாகக் காட்டுப் பாதையில் ஏறிப் போவார்கள்.

பிடிக்கிற விதம் இதுதான். முதலில் வெறும் சட்டிகளைக் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் கல் கட்டி, குளத்தில் கவிழ்த்து மிதக்க விடுவார். தாராக்கள் முதல் நாள் மிரளும். பிறகு பழகி, சட்டியை உரசிக்கொண்டே மேயத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் ஒரு விடியற்காலையில், கண் பார்க்க இரண்டு ஓட்டை போட்ட சட்டியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். வெளியே தெரிவது சட்டி மட்டும்தான். மெல்ல மெல்லக் கூட்டத்துக்குள் போய், தண்ணீருக்கடியில் கையை நீட்டி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. பக்கத்தில் மேய்கிற தாராவுக்குக்கூடத் தெரியாது. மூச்சு முட்டுவதற்குள் இறக்கையைப் பின்னி, கோரைக்குள் மறைத்து வைத்திருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும். கூடையைக் கரைக்கு வாங்கி வருவது என் வேலை.

மலை மேலே தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், மார்கழி பிறந்தால் நண்பர்களோடு கீழே இறங்கி வந்து எங்கள் குளத்தில் சுடுவார். வழக்கமாக முன்கூட்டியே ஆள் சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு நாங்கள் குளத்துக்குப் போகமாட்டோம். அந்த வருஷம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் இருந்தார். நான் கோரை ஓரம் குந்தியிருந்தேன். எதிர்க்கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. துரையோடு வந்திருந்த இளவட்டத் துரை ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். பறக்கிற பறவையைச் சுடுவதுதான் தங்களுக்கு மரியாதை என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவனோ தண்ணீரில் உட்கார்ந்திருந்த தாராக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான். குளம் முழுக்கச் சடசடவென்று எழும்பியது. நான் பறவைகளைப் பார்க்கவில்லை. சட்டி ஒன்று சில்லுச்சில்லாகத் தெறித்ததைத்தான் பார்த்தேன். அது இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். விரல் இடுக்கு வழியாக ரத்தம் தண்ணீரில் சொட்டியது.

நான் எப்படி உள்ளே போனேன், எப்படி அவரை இழுத்து வந்தேன் என்று நினைவில்லை. கரையில் கிடத்தியபோது துரை வந்து நின்றார். அவருடைய பட்லர், மலையிலேயே வளர்ந்த நம்ம ஊர்க்காரர், கூடவே நின்றார். துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பட்லர் என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"இப்படி ஒளிஞ்சு கெடந்தா இப்படித்தான் ஆகும்னு தொரை சொல்றாருங்க."

"ஒளியலீங்க. சோலி பாத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணு போச்சுன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றேன்.

பட்லர் சொன்னாரோ இல்லையோ, துரை தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதை வாங்காமல், என் துப்பட்டியைக் கிழித்து என் வீட்டுக்காரர் கண்ணில் கட்டினேன். மாட்டு வண்டியில் பழநி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண்ணுக்குள் இருந்த ஈயக்குண்டை எடுத்துவிட்டார்கள். இடது கண் திரும்பவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். தெருவில் தண்டோரா போட்டார்கள். குளத்தில் பறவை சுடுகிற உரிமையைத் துரைமார் வாங்கிவிட்டார்களாம். மழைக்காலம் முடிந்து கோடை வரும்வரை யாரும் குளத்தில் சட்டி மிதக்கவிடக் கூடாதாம், வலை கட்டக் கூடாதாம். மீறினால் தண்டனையாம். தண்டோராக்காரனோடு வந்த தலையாரியை நான் வாசலில் மறித்தேன்.

"தண்ணி மோந்து வரலாமா?"

"அதுக்கு யாரு வேண்டாம்னா?"

"எதுல மோந்து வர? கையிலயா? சட்டி கொண்டு போவோம்ல?"

"ராவுத்தரம்மா, என்கிட்ட வம்பு பண்ணாதீங்க. மேலருந்து சொன்னத நான் சொல்லுதேன்" என்று தலையாரி நகர்ந்துவிட்டார்.

கண்ணைப் பறித்தவர்களுக்கு உரிமை, கண்ணைப் பறிகொடுத்தவருக்குத் தண்டனை. நான் படித்தவள் அல்ல. மதரசாவில் குர்ஆன் ஓதியதோடு சரி. தமிழ் எழுத்து பின்னால்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் இதில் எது கோணல் என்று புரிந்துகொள்ள எழுத்து தேவைப்படவில்லை.

அந்த வருஷம் கடன் உடன் வாங்காமல் எப்படியோ ஓட்டினோம். நான் முறுக்கு சுட்டு விற்றேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடவில்லை. டம்ளரை எடுக்கப் போனால் கை தாண்டிப் போகும். அதைவிட, தண்ணீரைக் கண்டாலே அவருக்கு உடம்பு நடுங்கியது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் குளக்கரைப் பக்கம் போகச் சொன்னால்கூட வேறு வழியாகச் சுற்றிப் போவார்.

அடுத்த ஐப்பசியில் குளம் நிரம்பியது. தாராக்கள் வந்தன. வீட்டுக்குள் இருந்தாலே அவற்றின் சத்தம் கேட்கும். ஒருநாள் காலை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்கு நான் எறங்கப் போறேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கிறுக்குப் புடிச்சிருச்சா? பொம்பள எறங்குற எடமா அது? அவங்க சட்டியப் பாத்தாலே சுடுவாங்க."

"சுடட்டும்."

"ஊரு என்ன பேசும்?"

"ஊரு நமக்கு ஒருநா ஒல வச்சிருக்கா?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் தோய்த்துப் போட்ட துணிகளை எடுத்து வரும்போது, ஒரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். என் தலைக்கு அளவு பார்த்து, உள்ளே பழந்துணி வைத்துப் பொதிந்திருந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மூச்ச மெதுவா விடு. சட்டிக்குள்ள பெருசாக் கேக்கும், பயந்துராத."

அவர் சொன்னது உண்மை. முதல்முறை இறங்கியபோது என் மூச்சே எனக்கு யாரோ பக்கத்தில் நின்று இழுப்பது போல் கேட்டது. ஈரமண் வாசனை தொண்டை வரைக்கும் இறங்கியது. மலைத் தண்ணீரின் குளிர் முழங்காலில் கடித்து, இடுப்பில் கடித்து, நெஞ்சுக்கு வந்ததும் மரத்துப் போனது. சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தேன். இரண்டு ஓட்டை வழியாக உலகம் சின்னதாகத் தெரிந்தது. அதில் ஒரு தாரா வந்தது. இறகுக்கு எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு. அது என்னைப் பார்த்தது, சட்டியைப் பார்த்தது, தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்தது. கையை நீட்டினேன். தோல் செருப்பு போல வழவழவென்று பாதம் தட்டுப்பட்டது. இழுத்தேன்.

தப்பிவிட்டது. அதோடு மொத்தக் கூட்டமும் எழும்பியது. கரைக்கு வந்தபோது பல் கிட்டித்து நடுங்கினேன். ஆனாலும் சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை இறங்கியபோது தப்பவிடவில்லை.

கார்த்திகை முழுவதும் பிடித்தேன். தலையாரி கண்டும் காணாததுபோல் இருந்தார். தெருவில் பேச்சு கிளம்பியது. பள்ளிவாசல் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். என் வீட்டுக்காரர் அதை வந்து என்னிடம் சொன்னார். "அவரு வீட்டுக்குப் போன தாராவத் திருப்பி வாங்கிட்டு வாங்க. பொம்பள புடிச்சது அவருக்கு எதுக்கு?" என்றேன். அதற்குள் அவர்கள் தின்று முடித்திருந்தார்கள்.

மார்கழியில், குளத்துக்கு மேற்கே புளியந்தோப்பில் கூடாரம் அடித்தார்கள். மலையிலிருந்து சுமைகாரர்கள் நாற்காலியும் பெட்டியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். துரை வந்துவிட்டார். மறுநாள் காலையில் சுடப் போகிறார்கள் என்று தலையாரியே தெருவில் சொல்லிக்கொண்டு போனார், குளத்துப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடு.

அதைக் கேட்டதும் நேராக வேளார் வீட்டுக்குப் போனேன். சட்டி பானை வனைகிற அந்த வீட்டு அக்காவும் நானும் நல்ல பழக்கம். அவள் புருஷன் கீழ்ச் சந்தைக்குப் போயிருந்தான். சூளையில் கோணிப்போன சட்டிகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு குவியலைப் பார்த்தாள்.

"அம்புட்டுச் சட்டியும் மெதக்குமா?"

"மெதக்கும். எதுக்குள்ள தல இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெரசா வா. பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்று கூடையை எடுத்தாள்.

மந்தையிலிருந்து மாடு திரும்புகிற நேரம். துணி துவைக்கப் போகிறவர்கள் போலச் சட்டிகளைத் துணியால் மூடிக் கொண்டு போனோம். கோரை ஓரமாக இறங்கி, கல் கட்டி, குளம் முழுக்கப் பரப்பி மிதக்கவிட்டோம். கூடாரத்தில் சமையல் புகை எழுந்துகொண்டிருந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். போகாதே என்று சொல்லவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை.

தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டேன். கிழக்கு வெளுத்தபோது கரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். துரைமார் கரையில் இடம் பிரித்து நின்றார்கள். குளத்துக்குள் இறங்கித் தாராவைக் கலைத்துவிட மலையிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் கம்போடு நின்றார்கள். போன வருஷத்து இளவட்டத் துரையும் இருந்தான். வெளிச்சம் வரவர, அவர்களுக்குச் சட்டிகள் கண்ணில் பட்டன. ஒன்று இரண்டல்ல, பார்க்கிற பக்கமெல்லாம் சட்டி.

பிறகு துரையின் குரல் உயர்ந்தது. பட்லர் கரையோரம் வந்து கத்தினார்.

"உள்ள யாராச்சும் இருந்தா வெளிய வாங்க! தொரை ஒண்ணும் செய்யமாட்டாரு!"

நான் அசையவில்லை.

கலைக்க வந்த ஆட்களைப் பார்த்துத் துரை கையை நீட்டினார். அவர்களில் ஒருவர் கம்பைக் கீழே போட்டார். "போன தடவ ஒருத்தருக்குக் கண்ணு போச்சுங்க. துப்பாக்கிக்கு முன்னால நாங்க எறங்கமாட்டோமுங்க." மற்றவர்களும் போட்டார்கள். கூட வந்து நின்ற தலையாரியைத் துரை பார்த்தார். தலையாரி தன் காலைப் பார்த்தார்.

இந்தச் சத்தத்தில் தாராக்கள் கழுத்தைத் தூக்கிவிட்டன. அந்த நேரத்தில் ஒரு ஊசிவால் என் பக்கமாக ஒதுங்கியது. பழக்கத்தில் கை போய்விட்டது. காலைப் பிடித்து இழுத்தேன். பக்கத்திலிருந்த கூட்டம் எழும்பியது. இளவட்டத் துரை துப்பாக்கியைத் தோளில் வைத்ததைப் பார்த்தேன். குழல் நேராகத் தண்ணீர் மட்டத்துக்கு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால், பெரிய துரை குழலைத் தட்டிக் கீழே அழுத்தியிருந்தார். ஏதோ கடுமையாகச் சொன்னார். அவன் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் குளத்திலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பி, ஒரு வட்டம் போட்டு, மேற்கே எட்டாத உயரத்தில் போய்விட்டன.

அப்போதுதான் சட்டியைத் தலையிலிருந்து எடுத்தேன். கையில் தாரா சிறகடித்தது.

துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "நீ யார்?" என்று கத்தினார்.

"போன வருசம் ஒங்க ஆளு ஒருத்தரு கண்ணப் பறிச்சாருல்ல, அந்தக் கண்ணு போனவரோட பொண்டாட்டி."

"செத்துப் போயிருப்பே நீ!"

"நானா எப்படிங்க சாவேன்? நீங்க சுட்டாத்தானே சாவேன்?"

பட்லர் அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். புரிந்துவிட்டது போல. பிறகு, கரைக்கு வா என்று கையசைத்தார்.

"மாட்டேன். சேல நனைஞ்சு கெடக்கு. இத்தன ஆம்பளைங்க நிக்கையில நான் எப்படிக் கரையேற? நீங்க போங்க. எல்லாரும் போனாத்தான் ஏறுவேன்."

இதைப் பட்லர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, கலைக்க வந்த ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். துரை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். எனக்குத் தண்ணீரில் உதடு நீலம் பாய்ந்திருக்கும், உடம்பு உதறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் கண்ணிலிருந்து என் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் திரும்பி நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள்.

நான் கரையேறியபோது கோரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாரோ. ஒரு வருஷமாகத் தண்ணீர்ப் பக்கமே வராதவர். கம்பளியைப் போர்த்திவிட்டு, கையிலிருந்த தாராவை வாங்கிக்கொண்டார். "ஊசிவாலா? நல்ல எடை" என்றார்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. அன்றைக்கே தலையாரி ஆள் வைத்துக் குளத்துச் சட்டிகளை உடைத்தார். வேளார் வீட்டு அக்காவுக்கு அவள் புருஷனிடம் ஏச்சு விழுந்தது. எங்களைத் தாலுகா கச்சேரிக்கு வரச் சொன்னார்கள். அங்கே நாற்காலியில் இருந்தவர், இனிமேல் குளத்தில் இறங்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

"எறங்குவேனுங்க. இப்பச் சொல்லிட்டே போறேன். அப்பறம் பொய் சொன்னேன்னு சொல்லக் கூடாது" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். நாற்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குரல் உயர்த்திச் சில சட்டங்கள் சொன்னார். பொழுது போகப் போக அவருக்கே அலுத்துவிட்டது. ஒரு முழுப் பகல் வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு, எச்சரித்து அனுப்பினார்கள். துரைதான் புகார் வேண்டாம் என்று எழுதிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது உண்மையோ என்னவோ. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அடுத்த வருஷம் துரைமார் எங்கள் குளத்துக்கு வரவில்லை. மேற்கே வேறு குளம் பார்த்துக்கொண்டார்கள். தண்டோராவும் போடவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே போனோம். அவர் மறுபடி தண்ணீரில் இறங்கவேயில்லை. கரையில் நின்று கூடை வாங்குவார், அறுப்பார், விற்பார். மலைப் பங்களாக்கள் எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டன. அதனால் வருமானம் குறைந்தது.

பிறகு ஒரு மார்கழியில், பட்லர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மலைப்பாதை இறங்கி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"பண்டிகைக்கு விருந்துங்க. கெஸ்ட் நெறைய வர்றாங்க. அந்த மேக்குக் கொளத்துல இந்த வருசம் ஒண்ணும் சரியா மாட்டல. நல்லதா உசுரோட குடுத்தீங்கன்னா, நீங்க சொல்ற வெலதான்."

கூடத்தில் கூடைக்குள் தாராக்கள் கத்திக்கொண்டிருந்தன. இல்லை என்று பொய் சொல்ல முடியாது.

"யாருக்கு விருந்து?"

"தொரைக்குத்தாங்க."

"அப்ப இல்லீங்க."

"அம்மா, நல்ல வெலை..."

"ஒங்களுக்கு வேணுமா, ஒங்க பிள்ளைங்களுக்கு வேணுமா, ஒண்ணு சும்மாவே எடுத்துட்டுப் போங்க. அந்த மேசைக்குப் போகாது."

பட்லர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டில் அரிசி குறைந்திருந்த சமயம் அது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ சொன்னதுதாங்க" என்றார்.

பட்லர் செருப்பை மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார். அன்றைக்குக் கூடையில் இருந்ததிலேயே கொழுத்ததாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கே அறுத்தோம். மிளகு கொஞ்சம் தாராளமாகவே அரைத்தேன்.